பழைய 303 துப்பாக்கி... தூரமும் குறியும் கூடியது எப்படி?

கருவூல வாசல், கோர்ட்டு வாசல், சப்-ஜெயில் வாசல்... இங்கெல்லாம் நீளமான மரக்கட்டை வைத்த ஒரு துப்பாக்கியோடு போலீஸ்காரர் காவல் நிற்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். அதுதான் ‘303’. என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு அதன் கனமும் தெரியும். சுமார் 4 கிலோ. அரை மணி நேரம் தோளில் வைத்தால் தோள்பட்டை கழன்றுவிடும்.

“அது எங்கேப்பா வெடிக்கப் போகுது... சும்மா ஊன்றுகோல்!” என்று டீக்கடையில் கிண்டல் அடிப்பவர்கள் உண்டு.

அந்தக் கிண்டல் கோபமாக மாறியது 2008 நவம்பர் 26-ம் தேதி ராத்திரி. மும்பை சி.எஸ்.டி. ரெயில் நிலையத்தில் இரண்டே இரண்டு தீவிரவாதிகள் ஏ.கே. ரகத் துப்பாக்கியோடு புகுந்து 50 பேருக்கு மேல் சுட்டுக் கொன்றார்கள். அங்கே காவலுக்கு இருந்த போலீசார் கையில் இருந்தது 303-ம், அதைவிட மட்டமான 410 மஸ்கட்டும், லத்தியும்தான்.

“துப்பாக்கி பழசு. அதனால்தான் இப்படி ஆச்சு” என்று நாடே பேசியது. இது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் பெரிசாகப் பேசவில்லை.

ஏனென்றால், இதே 303 குடும்பத்துத் துப்பாக்கியைச் சீர்படுத்தி, 1982-ல் நடந்த பாக்லாந்து போரில்கூட பிரிட்டிஷ் ராணுவம் தொலைதூரக் குறிக்குப் பயன்படுத்தியது. அதில் வைத்த டெலஸ்கோப்பில் 1,000 மீட்டர் வரைக்கும் அளவு குறித்திருந்தார்கள்!

ஒரே வம்சத்துத் துப்பாக்கி. ஒரு இடத்தில் ஊன்றுகோல், இன்னொரு இடத்தில் 1,000 மீட்டர். எப்படி இந்த வித்தியாசம்?

பேர் வந்த கதை

303 என்பது குழலின் உள் அளவு. ஒரு அங்குலத்தை 1,000 பங்கு போட்டால் அதில் 303 பங்கு. நம் கணக்கில் 7.7 மில்லிமீட்டர். நிஜப்பெயர் ‘லீ-என்பீல்டு’.

லீ என்பவர் ஜேம்ஸ் பாரிஸ் லீ. ஸ்காட்லாந்தில் பிறந்து, கனடாவில் வளர்ந்து, அமெரிக்காவில் தொழில் செய்தவர். பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி பூட்டுகிற ‘போல்ட்’டையும், அடியில் மாட்டுகிற தோட்டாப் பெட்டியையும் சேர்த்து வடிவமைத்தது இவர்தான். என்பீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருந்த ஊர்.

1895-ல் லீ-என்பீல்டு வந்தது. நாம் போலீஸ் கையில் பார்த்த குட்டை மூக்கு மாடல் 1907-ல் வந்தது. பெட்டியில் 10 தோட்டா. ஒவ்வொரு தடவை சுட்டதும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும்.

தூரம் இரண்டு வகை

இந்த விஷயத்தில் எல்லாரும் குழம்புகிற இடம் ஒன்று இருக்கிறது. துப்பாக்கிக்குத் தூரம் ஒன்றல்ல, இரண்டு.

ஒன்று, குண்டு போய் விழுகிற தூரம். 303 குண்டு சுமார் 3 கிலோமீட்டர் வரைக்கும் பறக்கும். தாம்பரத்தில் சுட்டால் குரோம்பேட்டை பக்கம் போய் விழும் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்று, குறி தப்பாத தூரம். நினைத்த ஆளை, நினைத்த இடத்தில் அடிக்க முடிகிற தூரம். வெறும் கண்ணால் குறி பார்க்கிற 303-க்கு இது நல்ல கைக்காரரிடம் 500 மீட்டர் சுமாருக்கு வரும். பயிற்சி இல்லாதவரிடம் 100 மீட்டரே அதிகம்.

ஆரம்பகால 303-ல் பக்கவாட்டில் ஒரு தனி முள் இருந்தது. 2,800 கஜம் வரைக்கும் அதில் அளவு போட்டிருப்பார்கள். அவ்வளவு தூரத்தில் ஒரு ஆளை அடித்துவிட முடியுமா? முடியாது. ஒரு கம்பெனி சிப்பாய்கள் மொத்தமாக வானத்தைப் பார்த்துச் சுட்டு, தூரத்தில் கும்பலாக வரும் எதிரி மேல் மழை மாதிரி கொட்டுவதற்காக வைத்தது அது. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-ல் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று எடுத்துவிட்டார்கள்.

ஆக, ‘தூரத்தைக் கூட்டுவது’ என்றால் குண்டை இன்னும் தள்ளிப்போய் விழ வைப்பது இல்லை. குறி தப்பாத தூரத்தை நீட்டுவது.

மருந்து மாறியது... குழல் தேய்ந்தது!

1888-ல் இந்தத் தோட்டா முதலில் வந்தபோது உள்ளே இருந்தது கறுப்பு வெடிமருந்து. நம்ம ஊர் வேட்டு மருந்துக்குச் சொந்தக்காரன். சுட்டதும் குப்பென்று புகை. சுட்டவர் எங்கே இருக்கிறார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

1891 வாக்கில் ‘கார்டைட்’ என்ற புகை குறைந்த மருந்து வந்தது. பார்க்க சேமியா மாதிரி இழை இழையாக இருக்கும். குண்டின் வேகம் விநாடிக்கு சுமார் 560 மீட்டரில் இருந்து 610 மீட்டருக்கு ஏறியது. வேகம் ஏறினால் தூரமும் ஏறும். ஆனால் கூடவே ஒரு வம்பும் வந்தது.

துப்பாக்கிக் குழலுக்குள்ளே மரை இருக்கும். லேத்துப் பட்டறையில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். போல்ட்-நட்டு மரை மாதிரி நெருக்கமாக இல்லாமல், நீளமாக, சாய்வாகப் போகும் பள்ளம். குண்டு இதில் உரசிக்கொண்டே வெளியேறும்போது பம்பரம் மாதிரி சுழலும். சுழலும் பம்பரம் சாயாது. அதே மாதிரி சுழலும் குண்டும் தலைகுப்புற புரளாமல் மூக்கு முன்னாலேயே போகும்.

303-ல் ஒவ்வொரு 10 அங்குலத்துக்கும் ஒரு முழுச் சுற்று. அதுவும் இடது பக்கமாக!

பழைய கறுப்பு மருந்துக்காக மெட்போர்டு என்ற பொறியாளர் போட்ட மரை ஆழம் குறைவானது. கார்டைட்டின் சூட்டில் அது சீக்கிரமே தேய்ந்துபோனது. மரை தேய்ந்தால் சுழற்சி போச்சு. சுழற்சி போனால் குறி போச்சு. அதனால் ஆழமான மரையை என்பீல்டில் வெட்டினார்கள். ‘லீ-மெட்போர்டு’ என்று இருந்த பெயர் ‘லீ-என்பீல்டு’ ஆனது இப்படித்தான்.

மொட்டை மூக்கு கூர் மூக்கானது

அடுத்த பெரிய தாவல் 1910-ல். இந்த முறை துப்பாக்கியைத் தொடவே இல்லை. குண்டை மட்டும் மாற்றினார்கள்.

பழைய குண்டு மொட்டை மூக்கு. எடை சுமார் 14 கிராம். புதுசு கூர் மூக்கு. எடை 11 கிராம் சொச்சம். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வேகம் விநாடிக்கு சுமார் 744 மீட்டர்.

இதனால் என்ன லாபம்? குழலை விட்டு வெளியே வந்த அந்த நொடியில் இருந்தே குண்டு கீழே விழ ஆரம்பித்துவிடும். புவியீர்ப்பு யாரையும் விடாது. 300 மீட்டர் போவதற்குள் மொட்டை மூக்கு குண்டு சுமார் ஒன்றரை மீட்டர் இறங்கிவிடும். கூர் மூக்கு குண்டு சுமார் ஒரு மீட்டர்தான் இறங்கும்.

சுடுபவர் தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும், இறக்கம் குறைவாக இருந்தால் குண்டு ஆள் மேலேயே படும். இறக்கம் அதிகம் என்றால் காலடியில் மண்ணைத்தான் கிளப்பும். துப்பாக்கி அதே துப்பாக்கி. தோட்டா மாறியதும் குறி தப்பாத தூரம் கூடிவிட்டது.

பக்கவாட்டுக் காற்றும் சும்மா விடாது. நல்ல காற்று அடித்தால் 300 மீட்டரில் குண்டு ஒரு சாணுக்கு மேல் ஒதுங்கும். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும் இந்தக் கணக்கைப் போட வேண்டியது மனுஷன்தான்.

ஒரு மில்லிமீட்டர் செய்கிற வேலை

குறி பார்க்க முன்னால் ஒரு முள், பின்னால் ஒரு பிளவு. இரண்டையும் நேர்கோட்டில் வைத்து இலக்கைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அவ்வளவு துல்லியம்.

ஒரு சின்னக் கணக்கு. இடைவெளி அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முள் வெறும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் 300 மீட்டரில் குண்டு 60 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். அதாவது ஆளை விட்டு விலகியே போய்விடும். இடைவெளியை 70 சென்டிமீட்டர் ஆக்கினால் அதே ஒரு மில்லிமீட்டர் தப்புக்கு 43 சென்டிமீட்டர்தான் விலகும்.

பழைய 303-ல் பின்முள் குழலின் நடுப்பக்கம் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் வந்த ‘நம்பர் 4’ மாடலில் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். பிளவுக்குப் பதில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே நடுவைப் பிடித்துக்கொள்ளும். புதுசாகச் சேர்ந்த சிப்பாய்க்கும் சீக்கிரம் கை வந்தது.

மரம் செய்யும் குறும்பு

மழைக்காலத்தில் வீட்டுக் கதவு இறுகிப்போய் மூட முடியாமல் தவித்திருக்கிறீர்களா? அதே கதைதான் இங்கேயும். 303-ன் குழலைச் சுற்றி மரக்கட்டை. ஈரத்தில் மரம் உப்பும், வெயிலில் சுருங்கும். உப்பிய மரம் குழலை ஒரு பக்கமாக அழுத்தும். நேற்று நேராகப் போன குண்டு இன்றைக்கு விலகிப் போகும். துப்பாக்கி கெட்டுப்போச்சு என்று நினைப்பார்கள். கெட்டது மரம்.

சுடும்போது குழல் கம்பி மாதிரி அதிரும். ஒவ்வொரு தடவையும் அதே மாதிரி அதிர்ந்தால்தான் குண்டு அதே இடத்தில் விழும். அதனால் துல்லியம் வேண்டும் என்றால் மரமும் இரும்பும் சேரும் இடத்தைத்தான் முதலில் சரிபார்ப்பார்கள்.

இன்னொரு எதிரி துரு. பழைய 303 தோட்டாவின் பின்பக்க கேப்பில் இருந்த ரசாயனம், சுட்டபிறகு குழலுக்குள் உப்பைப் படிய வைக்கும். உப்பு ஈரத்தை இழுக்கும். கவனிக்காமல் விட்டால் மரையைத் துரு தின்றுவிடும். எண்ணெய் மட்டும் போட்டால் உப்பு போகாது. அதனால்தான் அந்தக் காலத்து சிப்பாய்கள் முதலில் கொதிக்கிற தண்ணீரைக் குழலுக்குள் ஊற்றிக் கழுவி, துடைத்து, அப்புறம் எண்ணெய் போட்டார்கள்.

சுத்தம் செய்வதிலும் ஒரு சிக்கல். துணித்துண்டு கட்டிய ‘புல்த்ரூ’ கயிற்றைக் கோணலாக இழுத்து இழுத்தே பல துப்பாக்கிகளின் வாய் தேய்ந்துபோனது. கிணற்று ஓரக் கல்லில் கயிறு தடம் போடுகிற மாதிரி. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே தேய்ந்தால் குறி அவ்வளவுதான்.

பொறுக்கி எடுத்த துப்பாக்கிகள்

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் ஒரு வேலை செய்தார்கள். தொழிற்சாலையில் எல்லாத் துப்பாக்கியையும் சுட்டுப் பார்ப்பார்கள். அதில் எது குறி தப்பாமல் சுடுகிறதோ அதைத் தனியாகப் பொறுக்கி எடுத்து, லண்டனில் உள்ள ‘ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்’ கம்பெனிக்கு அனுப்பினார்கள். அங்கே 3 மடங்கு பெரிசாகக் காட்டும் டெலஸ்கோப் பொருத்தி, கன்னம் சாய்க்க மரத்தில் ஒரு மேடு வைத்து, மரத்தையும் இரும்பையும் சரியாகப் பொருத்தி திருப்பிக் கொடுத்தார்கள். இப்படி 20 ஆயிரத்துக்கு மேல் தயாரானது.

வேடிக்கை என்னவென்றால் அந்த டெலஸ்கோப் முதலில் மெஷின்கன்னுக்காகச் செய்தது!

1970 வாக்கில் அதே பழைய துப்பாக்கிகளை மறுபடி எடுத்தார்கள். 303 குழலைக் கழற்றிவிட்டு, கனமான புதுக் குழல் மாட்டினார்கள். அது 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கான குழல். முன்பக்க மரத்தை வெட்டிக் குறைத்து, குழல் எதையும் தொடாமல் நிற்கும்படி விட்டார்கள். அதுதான் ‘எல் 42’. பாக்லாந்து போருக்குப் போனது இதுதான். அப்போது அதன் உடம்புக்கு வயசு சுமார் 40.

நம் நாட்டில் நடந்த இரண்டு மாற்றம்

மேற்கு வங்காளத்தில் கொல்கத்தா பக்கம் இச்சாபூர் என்று ஒரு ஊர். 303 இந்தியாவில் தயாரானது அங்கேதான். 1962 சீனப் போருக்குப் பிறகு அங்கே 7.62 தோட்டாவுக்கு ஏற்ற மாதிரி, பலமான இரும்பில் இதே துப்பாக்கியைச் செய்தார்கள். முதலில் அதில் குறிமுள் அளவு 2,000 மீட்டர் வரைக்கும் இருந்தது. அப்புறம் அதை 800 மீட்டராகக் குறைத்துவிட்டார்கள். துப்பாக்கியின் சக்தி குறையவில்லை. உண்மையான கணக்குக்கு வந்தார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு மாற்றம் தலைகீழ். வெள்ளைக்காரன் காலத்தில், போலீசுக்குக் கொடுக்கும் துப்பாக்கி ராணுவத்துப்பாக்கிக்குச் சமமாக இருக்கக்கூடாது என்று நினைத்தார்கள். 303 குழலைக் குடைந்து, மரையையே எடுத்துவிட்டு வழவழ குழாயாக்கினார்கள். அதுதான் 410 மஸ்கட். வெளியே பார்த்தால் 303. உள்ளே மரை இல்லை. கிட்டத்தில் மட்டும்தான் வேலை செய்யும். குறி தப்பவேண்டும் என்றே செய்த துப்பாக்கி! வெள்ளைக்காரன் போய் 61 வருஷம் கழித்து, மும்பை ரெயில் நிலையத்தில் நம் போலீஸ்காரர் கையில் இருந்ததும் அந்த வகைதான்.

மாற்ற முடியாதது எது?

எத்தனை சீர்செய்தாலும் 303-ல் ஒன்றை மாற்ற முடியாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்க வேண்டும். நன்றாகப் பழகிய பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிஷத்தில் 15 தோட்டா குறி பார்த்துச் சுட வேண்டும் என்பது முதல் உலகப்போருக்கு முன்பே இருந்த பயிற்சி அளவு. ஏ.கே.47 பெட்டியில் 30 தோட்டா. விசையைப் பிடித்தால் சில விநாடிகளில் காலி. கூட்ட நெரிசலில், 50 மீட்டரில் நடக்கும் சண்டையில் இந்த வித்தியாசம்தான் உயிரை எடுக்கும்.

அதனால்தான் மாநில போலீஸ் படைகள் ஒவ்வொன்றாக 303-க்கு விடை கொடுத்தன. உத்தரபிரதேச போலீஸ் 2020 ஜனவரி 26 குடியரசு தின அணிவகுப்போடு வழியனுப்பி வைத்தது.

நம்ம திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கி தொழிற்சாலை இருக்கிறதே, அங்கேயே ஏ.கே. பாணியில் ‘டார்’ என்கிற திருச்சி ரைபிளைத் தயாரித்தார்கள்.

துப்பாக்கி மட்டும் போதுமா?

மும்பை தாக்குதலை ஆராய்ந்த ராம் பிரதான் கமிட்டி சொன்னதில் முக்கியமான ஒன்று, போலீசாருக்கு துப்பாக்கிப் பயிற்சி போதவில்லை, பயிற்சிக்குத் தோட்டாவே போதவில்லை என்பது. டீக்கடையில் யாரும் பேசாத மீதிப் பாதி இதுதான்.

மேலே சொன்ன அத்தனையும், அதாவது கூர் மூக்கு குண்டு, கண்ணருகே முள், உப்பாத மரம், தேயாத மரை எல்லாம் சேர்ந்து துப்பாக்கியின் தப்பைத்தான் குறைக்கும். கை நடுங்குவது, விசையைப் பிடுங்கி இழுப்பது, தூரத்தைத் தப்பாகக் கணிப்பது... இதெல்லாம் ஆளோட தப்பு. சாதாரண நல்ல 303 ஒன்று 100 கஜத்தில் மூன்று நாலு அங்குல வட்டத்துக்குள் குண்டைப் போடும். பழகாத கை அதே துப்பாக்கியில் மூன்று அடி விலகும். டெலஸ்கோப் மாட்டினால் அந்த நடுக்கம் பெரிசாகத் தெரியுமே தவிர, நிற்காது.

இதில் பொதுமக்கள் உயிரும் இருக்கிறது. குறி தப்பிய குண்டு காணாமல் போய்விடாது. இரண்டு தெரு தள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பவர் மேல்கூடப் படலாம். 3 கிலோமீட்டர் கணக்கு அங்கேதான் பயமுறுத்தும்.

ஒரு எச்சரிக்கை. 303 தோட்டாத் துப்பாக்கியைத் தனியார் வைத்திருப்பது நம் நாட்டில் தடை செய்யப்பட்ட வகை. லைசென்ஸ் உள்ள வேறு துப்பாக்கியைக்கூட வீட்டிலோ பட்டறையிலோ குழலை வெட்டுவது, மாற்றுவது எல்லாம் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி குற்றம். ஜெயில்தான். பழுதென்றால் லைசென்ஸ் பெற்ற கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டும்.

புதுத் துப்பாக்கி வாங்க அரசு கோடி கோடியாகச் செலவழிக்கிறது. நல்லது. அதோடு பயிற்சிக்கான தோட்டாவையும் எண்ணிப் பார்த்துக் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு ஒரு கை தோட்டாகூட சுட்டுப் பழகாத ஏட்டய்யா கையில் எவ்வளவு புதுத் துப்பாக்கி இருந்தாலும், ஆபத்து நேரத்தில் அதுவும் ஊன்றுகோல்தான்!